சிங்கப்பூர் கல்விச் சுற்றுலா: பெற்றோர் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள்

திருச்சிப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறேன். மூன்று முறை பிள்ளைகளைச் சிங்கப்பூருக்குக் கூட்டிப்போய், எண்ணிக்கை குறையாமல் திரும்பக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் சுற்றறிக்கை போன அன்று சாயங்காலமே போன் அடிக்க ஆரம்பித்துவிடும், கேள்விகள் மட்டும் மாறுவதே இல்லை. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிட்டேன். கேள்விகள் அவர்கள் கேட்ட மாதிரியே இருக்கின்றன.

மிஸ், டெல்லி ஆக்ராவே பார்க்காத பிள்ளையை எதுக்குச் சிங்கப்பூருக்குக் கூட்டிட்டுப் போறீங்க?

நியாயமான கேள்விதான். நானும் முதல் தடவை தலைமையாசிரியரிடம் இதையேதான் கேட்டேன். திருச்சியிலிருந்து நேரடி விமானம் இருக்கிறது, நாலு மணி நேரம் சொச்சத்தில் இறங்கிவிடலாம், நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு ரயிலில் டெல்லிக்கு இரண்டு ராத்திரி போவதைவிட இது லேசு என்பது ஒரு காரணம்.

ஆனால் நான் சரி சொன்னது வேறு காரணத்துக்காக. பாடத்தில் ஒரு வரியில் கடந்துபோகும் விஷயங்கள் அங்கே கண்ணெதிரே நிற்கின்றன. சிங்கப்பூர் நாணயம் ஒன்றைப் பிள்ளை கையில் கொடுத்து 'இதில் தமிழ் எங்கே இருக்கிறது, கண்டுபிடி' என்று சொல்லிப் பாருங்கள். சிங்கப்பூர் என்று தமிழில் அச்சிட்டிருக்கும், ஏனென்றால் ஆங்கிலம், மலாய், சீனத்தோடு தமிழும் அங்கே ஆட்சிமொழி. அது ஏன் அப்படி, யார் போனார்கள், எதற்குப் போனார்கள் என்று ஒரு பிள்ளை கேட்க ஆரம்பித்துவிட்டால் என் வேலை பாதி முடிந்த மாதிரி.

எத்தனை நாள்? எந்த மாசம் போவீங்க?

பயணத்தோடு சேர்த்து ஐந்து நாள். ஏப்ரல் கடைசி அல்லது மே மாதம், நம் தேர்வு முடிந்த பிறகு. ஜூனில் அங்கே அவர்கள் பள்ளிகளுக்கு விடுமுறை, நவம்பர் கடைசியிலிருந்து டிசம்பர் வரையும் அப்படித்தான். அந்த நாட்களில் எங்கே போனாலும் வரிசை.

வெயில் காலம், மழைக் காலம் என்று நம் ஊர் மாதிரி பிரித்துப் பார்க்க வேண்டாம். பூமத்திய ரேகைக்குப் பக்கத்து ஊர், வருஷம் முழுக்கப் புழுக்கமும் திடீர் மழையும்தான். குடை கட்டாயம்.

பையனுக்குப் பாஸ்போர்ட்டே இல்லை. இப்போ எடுத்தா கிடைச்சிடுமா?

சுற்றறிக்கை வந்த வாரமே விண்ணப்பித்தால் பெரும்பாலும் கிடைத்துவிடும். அப்பா அம்மா இருவர் சம்மதமும் வேண்டும், பிறப்புச் சான்றிதழில் இருக்கும் பெயரும் ஆதாரில் இருக்கும் பெயரும் எழுத்து பிசகாமல் ஒத்துப்போக வேண்டும். தாமதம் ஆவதெல்லாம் பெரும்பாலும் இந்த இன்ஷியல் விவகாரத்தில்தான்.

ஏற்கெனவே பாஸ்போர்ட் இருக்கிறவர்கள் நிம்மதியாக இருந்துவிடாதீர்கள், எடுத்துத் தேதியைப் பாருங்கள். பயணத் தேதியிலிருந்து ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். சிறுவர் பாஸ்போர்ட் ஐந்து வருஷம் அல்லது 18 வயது, எது முன்னால் வருகிறதோ அதுவரைதான். பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் இதில்தான் மாட்டுகிறார்கள். 15 வயது முடிந்தவர்களுக்குப் பத்து வருஷப் பாஸ்போர்ட் எடுக்க வழி இருக்கிறது, கட்டணம் கொஞ்சம் கூடுதல், எடுத்துவிடுவது நல்லது.

விசா நாங்க வாங்கணுமா, ஸ்கூல்ல வாங்குவீங்களா?

பள்ளி மூலமாக, அங்கீகாரம் பெற்ற முகவர் வழியாகத்தான். நீங்கள் கொடுக்க வேண்டியவை: பாஸ்போர்ட் நகல், வெள்ளைப் பின்னணியில் எடுத்த புகைப்படம், அப்பா அம்மா இருவரும் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம். புகைப்படத்தைப் பழைய சுற்றுலாவில் எடுத்ததிலிருந்து வெட்டி அனுப்பாதீர்கள், ஒருவர் அனுப்பினார், பின்னால் குற்றால அருவி தெரிந்தது. விசாக் கட்டணம் 30 சிங்கப்பூர் டாலர், முகவர் கூலி தனி. விசா மறுக்கப்பட்டாலும் இந்தப் பணம் திரும்ப வராது.

இதுபோக வருகை அட்டை என்று ஒன்று இணையத்தில் நிரப்ப வேண்டும், இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள். அது இலவசம். கூகுளில் தேடினால் பணம் கேட்கும் போலித் தளங்கள் முன்னால் வந்து நிற்கும், அதனால் இதையும் பள்ளியிலேயே மொத்தமாக நிரப்பிவிடுகிறோம், நீங்கள் தொடவே வேண்டாம்.

மொத்தம் எவ்வளவு ஆகும்? அப்புறம் அது இதுன்னு கேட்க மாட்டீங்களே?

போன முறை தலைக்கு 80,000 ரூபாயைத் தாண்டிவிட்டது. விமானம், விசா, தங்குமிடம், மூன்று வேளைச் சாப்பாடு, பேருந்து, நுழைவுச்சீட்டு, காப்பீடு எல்லாம் அதற்குள். இதற்கு மேல் உங்களிடம் கேட்பது டிசிஎஸ் என்கிற வரிப் பிடித்தம் மட்டும். வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்புக்கு முகவர் அதைப் பிடித்தே ஆக வேண்டும், ஆனால் அது யாருடைய பான் எண்ணில் பிடிக்கப்படுகிறதோ அவர் வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம் அல்லது திரும்பப் பெறலாம். பாதிப் பெற்றோர் இதைக் கேட்பதே இல்லை, பணம் அப்படியே போகிறது.

வேறு பள்ளியில் கேட்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தொகை குறைவாக இருந்தால் சந்தோஷப்படுவதற்கு முன், மதியச் சாப்பாடு சேர்த்தியா, ஒரு அறைக்கு எத்தனை பிள்ளைகள், காப்பீடு உண்டா என்ற மூன்றையும் கேட்டுவிடுங்கள்.

கைச்செலவுக்கு எவ்வளவு கொடுத்து விடலாம்?

50லிருந்து 100 சிங்கப்பூர் டாலர். ஒரு டாலர் நம் பணத்தில் அறுபது ரூபாய்க்கு மேல் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், ஒரு ஐஸ்கிரீமை ரூபாயில் கணக்குப் போட்டுவிட்டு வாங்காமல் திரும்பிய பையன்கள் உண்டு. தண்ணீருக்குக் காசு செலவழிக்க வேண்டாம், அங்கே குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம். ஒரு பாட்டில் கொடுத்து விடுங்கள் போதும்.

பெரிய பொருள் வாங்கச் சொல்லிப் பிள்ளையிடம் பட்டியல் கொடுக்காதீர்கள். சுற்றுலாப் பயணிகளுக்கு விற்பனை வரியைத் திருப்பிக் கொடுக்கும் திட்டம் இருக்கிறது, வரி இப்போது 9 சதவீதம், ஆனால் வாங்குகிறவருக்கு 16 வயதாவது ஆகியிருக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு அது கிடைக்காது.

பொண்ணு சுத்த சைவம். அங்க என்ன சாப்பிடுவா?

இந்தக் கேள்விக்கு நான் சிரித்துவிடுவேன், தப்பாக நினைக்காதீர்கள். லிட்டில் இந்தியாவில் சிராங்கூன் ரோட்டில் நின்றால் சாம்பார் வாசனையில் எந்த ஊர் என்றே குழம்பிப்போகும். 1947இல் தொடங்கிய கோமள விலாஸ் இன்னும் தோசை போட்டுக்கொண்டிருக்கிறது. சைவம், அசைவம், ஹலால் மூன்றுக்கும் முன்பே பட்டியல் கொடுத்துவிடுகிறோம்.

ஒருநாள் மதியம் மட்டும் உணவங்காடி நிலையத்தில் சாப்பிட விடுவேன், அங்கே இதை ஹாக்கர் சென்டர் என்பார்கள். தெருவில் தள்ளுவண்டியில் விற்றவர்களையெல்லாம் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்த ஏற்பாடு, 2020இல் யுனெஸ்கோ பட்டியலிலேயே சேர்ந்துவிட்டது. அங்கே இரண்டு விஷயம் சொல்லி அனுப்புங்கள். மேசை மேல் ஒரு டிஷ்யூ பாக்கெட் மட்டும் கிடந்தால் யாரோ இடம் பிடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம், நம் பேருந்தில் துண்டு போடுகிற மாதிரி. சாப்பிட்ட தட்டை நாமே எடுத்துப்போய் வைக்க வேண்டும், வைக்காவிட்டால் அபராதம்கூட வரலாம். வீட்டில் தட்டை நகர்த்தாத பையன்கள் அங்கே வரிசையில் நின்று வைக்கிறார்கள், படம் எடுத்து அனுப்புகிறேன்.

அப்போ புளியோதரைப் பொடி, முறுக்கு, கறித் தொக்கு கட்டிக் கொடுக்கலாமா?

முறுக்கு கொடுங்கள், பொடி கொடுங்கள். கறித் தொக்கு, கோழி ஊறுகாய், முட்டை கூடாது, இறைச்சியை இங்கிருந்து உள்ளே விடமாட்டார்கள். கசகசா கூடவே கூடாது. நமக்கு அது குருமாவில் போடுகிற சாமான், அங்கே போதைப்பொருள் தடுப்புத் துறையின் தடைப்பட்டியலில் இருக்கிற பொருள். வீட்டில் அரைத்த மசாலாப் பொடியில் கசகசா சேர்ந்திருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். இதைச் சொன்னால் எந்த அம்மாவும் முதலில் நம்புவதில்லை.

சூயிங்கம் வேண்டாம், 1992இலிருந்து தடை. மின்சிகரெட் என்ற பேச்சே கூடாது, பத்தாம் வகுப்புக்கு மேல் இருக்கிற பையன்களின் பெட்டியை நீங்களே ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள். பையன் கோபித்துக்கொள்வான், பரவாயில்லை.

பெட்டியில வேற என்ன வைக்கணும்?

நல்ல பழகிய ஷூ, புதுசு வேண்டாம், முதல் நாளே கால் கடித்துவிடும். அங்கே பிளக் மூன்று தட்டைக் கம்பி வைத்தது, நம் ஊர் உருண்டைக் கம்பி நுழையாது, அதனால் அடாப்டர் ஒன்று. பவர் பேங்கைக் கையில் வைத்திருக்கும் பையில்தான் வைக்க வேண்டும், பெரிய பெட்டியில் போட்டால் விமான நிலையத்தில் கூப்பிட்டு எடுக்கச் சொல்வார்கள், நாற்பது பேரும் காத்திருக்க வேண்டும். ஒரு மெல்லிய ஸ்வெட்டர். வெளியே வேர்க்கும், ஆனால் பேருந்திலும் அருங்காட்சியகத்திலும் ஏசியில் பல் கிட்டும்.

யுனிவர்சல் ஸ்டுடியோஸ் போறீங்களா? போனா அது என்ன கல்விச் சுற்றுலா?

இரண்டு கேள்வியையும் ஒரே அப்பா ஒரே மூச்சில் கேட்டார். போகிறோம், ஒருநாள். அது கல்வி இல்லை, விளையாட்டு, அப்படித்தான் சுற்றறிக்கையிலும் போடச் சொல்லியிருக்கிறேன். அது இல்லாவிட்டால் பிள்ளைகள் பெயர் கொடுக்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

மற்ற நாட்களைச் சொல்கிறேன். தாவரவியல் பூங்கா 1859இல் தொடங்கியது, யுனெஸ்கோ உலக மரபுச் சின்னம், உள்ளே போகக் காசு கிடையாது. சுற்றுலா முகவர்கள் இதைப் பட்டியலில் போடுவதே இல்லை, நான்தான் சண்டை போட்டுச் சேர்த்தேன். ஏனென்றால் 1877இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர் கன்றுகள் வந்து இறங்கியது இங்கேதான். பின்னால் ஹென்றி ரிட்லி என்கிற பூங்கா இயக்குநர் மரத்தைச் சாகடிக்காமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையை இங்கேதான் செய்து காட்டினார். அதற்குப் பிறகு மலாயா முழுக்க ரப்பர்த் தோட்டம், அந்தத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டும், தோட்டத்துக்கு ஆள் திரட்டும் கங்காணி ஊர் ஊராக வருகிறார், நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறுகிறார்கள் நம் ஆட்கள். அந்தத் தடத்தில் ஓடிய ரஜூலா கப்பல் என்றால் உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்திருக்கலாம், கேட்டுப் பாருங்கள். ஒரு கன்று, ஒரு கத்திக்கீறல், அதிலிருந்து இத்தனை லட்சம் பேருடைய வாழ்க்கை திரும்பியிருக்கிறது என்பதை வகுப்பில் நான் மூன்று பீரியட் எடுத்தாலும் சொல்ல முடியாது, அந்த மரத்தடியில் பத்து நிமிஷத்தில் சொல்லிவிடலாம்.

அடுத்தது மரினா அணைக்கட்டு, 2008இல் திறந்தது. கடல்வாயை அடைத்து நகரத்தின் நடுவிலேயே நன்னீர் ஏரி ஆக்கிவிட்டார்கள். பெரிய ஆறு கிடையாது, பக்கத்து மலேசியாவின் ஜொகூரிலிருந்து குழாயில் தண்ணீர் வாங்குகிற ஊர், அந்த ஒப்பந்தம் 2061இல் முடிகிறது. அதனால் மழைநீர், வாங்கும் நீர், கழிவுநீரைச் சுத்திகரித்த நியூவாட்டர், கடல்நீரைக் குடிநீராக்குவது என்று நாலு வழி வைத்திருக்கிறார்கள். சாக்கடைத் தண்ணியைக் குடிக்கிறாங்களா மிஸ் என்று முகம் சுளித்த பிள்ளைகளிடம், காவிரியில் நாமக்கல்லும் ஈரோடும் என்ன கலக்கின்றன என்று கேட்டேன். பேருந்து கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது.

எஸ்பிளனேடு பூங்காவில் இந்திய தேசிய ராணுவ நினைவிடம் இருந்த இடம் இருக்கிறது. நேதாஜி 1945 ஜூலையில் அடிக்கல் வைத்தது, ஜப்பான் தோற்றதும் திரும்பி வந்த ஆங்கிலேயர் இடித்துவிட்டார்கள், 1995இல் ஓர் அடையாளக் கல் வைத்தார்கள். அந்த ராணுவத்தின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தவர்களில் மலாயாத் தோட்டங்களில் ரப்பர் பால் வெட்டிய தமிழ்ப் பெண்கள் நிறையப் பேர். மேலே சொன்ன ரப்பர்க் கதை இங்கே வந்து முடிச்சுப் போடும்.

மாரியம்மன் கோயில், அறிவியல் மையம், மிருகக்காட்சிசாலை, சிங்கத் தலையும் மீன் உடலுமாக நிற்கும் மெர்லயன் சிலை எல்லாம் உண்டு. கோயில் 1827இல் நாராயண பிள்ளை தொடங்கியது, இன்று சைனாடவுன் நடுவில் கோபுரத்தோடு நிற்கிறது. கரையோரப் பூந்தோட்டத்தில் (கார்டன்ஸ் பை தி பே) ராத்திரி விளக்கு விளையாட்டு இலவசம், அதைப் பார்த்துவிட்டு அடுத்த நாள் காலை எழுந்திருக்கத்தான் மாட்டார்கள்.

கூட்டத்துல தொலைஞ்சிட்டா என்ன பண்ணுவான்?

ஒருமுறை நடந்தது, மறைக்கவில்லை. டோபி காட் ரயில் நிலையம், மூன்று தடங்கள் சேரும் இடம் (பெயரைப் பார்த்தீர்களா, நம் நாட்டுச் சலவைத் தொழிலாளர்கள் துணி வெளுத்த இடம்தான்). கதவு மூடிக்கொண்டது, ஒரு ஒன்பதாம் வகுப்புப் பையன் நடைமேடையில் நின்றுவிட்டான். அவனுக்குச் சொல்லிக்கொடுத்த விதி: நீ விடுபட்டால் நின்ற இடத்திலேயே நில், நீ மட்டும் ஏறிவிட்டால் அடுத்த நிலையத்தில் இறங்கி அந்த நடைமேடையிலேயே நில், யாரையும் தேடிப் போகாதே. நின்றான். ஒரு சார் அடுத்த ரயிலில் திரும்பிப் போய்க் கூட்டிவந்தார். பத்துப் பன்னிரண்டு நிமிஷம் இருக்கும், எனக்குத்தான் ஒரு வயசு கூடிவிட்டது.

இந்த விதியை வீட்டிலும் இரண்டு தடவை சொல்லிக் கேளுங்கள். கழுத்தில் மாட்டும் அட்டையில் விடுதி முகவரியும் இரண்டு ஆசிரியர்களின் எண்ணும் இருக்கும். போலீஸ் 999, ஆம்புலன்ஸ் 995. ரயிலுக்குள் தின்பதும் குடிப்பதும் கூடாது, 500 டாலர் வரை அபராதம், அதையும் சொல்லி வையுங்கள்.

போன் கொடுத்து விடலாமா? தினமும் பேசணும்.

கொடுக்கலாம். ஆனால் பிள்ளை எடுக்கவில்லை என்று என்னை நாலு தடவை கூப்பிடாதீர்கள். அங்கே நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். நீங்கள் இரவு ஒன்பதரைக்குக் கூப்பிடும்போது அங்கே நள்ளிரவு. ராத்திரி எல்லோரும் அறைக்கு வந்ததும் குழுவில் 'நாற்பதும் வந்தாச்சு' என்று ஒரு வரி போடுவேன். அந்த வரி வந்துவிட்டால் நீங்களும் தூங்குங்கள்.

பொண்ணுக்கு அந்த நாள் வந்துட்டா? யார்கிட்ட சொல்லுவா?

என்னிடம், அல்லது கூட வரும் இன்னொரு மிஸ்ஸிடம். தேவையானதெல்லாம் எங்கள் பையிலும் இருக்கும். தள்ளிப்போடும் மாத்திரை கொடுத்து அனுப்பாதீர்கள், டாக்டர் சொல்லாமல் அது வேண்டவே வேண்டாம். பெண் பிள்ளைகளின் அறைகள் எங்கள் அறையை ஒட்டியே இருக்கும்.

வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரை எதுவானாலும் டாக்டர் சீட்டோடு, கடையில் வாங்கிய அட்டையிலேயே இருக்கட்டும். கோடீன் கலந்த இருமல் மருந்துக்கும் தூக்க மாத்திரைக்கும் அங்கே முன்அனுமதி வேண்டியிருக்கலாம், அதனால் வீட்டு அலமாரியில் இருக்கும் இருமல் சிரப்பை அப்படியே தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

பாஸ்போர்ட்டைத் தொலைச்சிட்டா?

பிள்ளைகளிடம் பாஸ்போர்ட் இருக்காது. குடியேற்ற வரிசையில் மட்டும் கையில் கொடுப்போம், முடிந்ததும் வாங்கி எண்ணி வைப்போம். அதையும் மீறித் தொலைந்தால் போலீசில் புகார் செய்து, இந்தியத் தூதரகத்தில் அவசரப் பயணச் சான்றிதழ் வாங்கி வரலாம். ஒரு ஆசிரியர் அந்தப் பிள்ளையோடு தங்கிவிடுவார், தனியாக விடமாட்டோம்.

என் தம்பி அங்கதான் வேலை பார்க்கிறான். ஒருநாள் மட்டும் பையனைக் கூட்டிட்டுப் போயிட்டு விடட்டுமே?

மாட்டேன். இதில் எத்தனை பேர் என்னோடு மனஸ்தாபப்பட்டிருக்கிறார்கள் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். விசா கேள்வியில் சொன்ன சம்மதக் கடிதத்தில் பிள்ளையை எங்கள் பொறுப்பில் விடுவதாகத்தான் நீங்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். தம்பி சாயங்காலம் விடுதி வரவேற்பறைக்கு வரட்டும், அரை மணி நேரம் உட்கார்ந்து பேசட்டும், சாக்லேட் கொடுக்கட்டும்.

சாக்லேட் என்றால் சாக்லேட் மட்டும். 'அக்காகிட்ட கொடுத்துடு' என்று ஒரு சங்கிலி, ஒரு போன், ஒட்டிய பார்சல் எதுவும் பிள்ளை கையில் வரக்கூடாது. திருச்சி விமான நிலையத்தில் சுங்கத்தார் இந்தத் தடத்தில் வருகிறவர்களைத் தங்கத்துக்காக எப்படிப் பார்ப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். பள்ளிச் சீருடை போட்ட பிள்ளையைச் சோதனை அறைக்குள் கூப்பிட்டால் அது ஆயுசுக்கும் மறக்காது.

பணம் கட்டினப்புறம் போக முடியலைன்னா திருப்பித் தருவீங்களா?

முழுசாக வராது. விசாக் கட்டணம் போனது போனதுதான் என்று மேலேயே சொன்னேன். குழுவாக எடுத்த விமானச் சீட்டில் பெயர் மாற்றுவது பெரும்பாடு. எந்தத் தேதிக்கு முன்னால் விலகினால் எவ்வளவு திரும்பும் என்று முகவரிடம் எழுத்தில் வாங்கிச் சுற்றறிக்கையோடு இணைத்திருக்கிறேன், பணம் கட்டுவதற்கு முன் அந்தப் பக்கத்தைப் படித்துவிடுங்கள். விசா மறுக்கப்பட்டு ஒரு பிள்ளை நின்றுபோனது ஒருமுறை நடந்தது, காரணம் சொல்லமாட்டார்கள், யாரிடம் சண்டை போடுவது.

எல்லாரும் போறாங்க, இவ மட்டும் போகலைன்னா அழுவுறா. நகையை வெச்சு அனுப்பலாமான்னு பார்க்கிறோம்.

வேண்டாம். பள்ளியில் இருந்துகொண்டு இப்படிச் சொல்வது நிர்வாகத்துக்குப் பிடிக்காது, இருந்தாலும் சொல்கிறேன். இந்தச் சுற்றுலாவுக்கு மதிப்பெண் கிடையாது, சேர்க்கையில் இது எங்கேயும் கேட்கப்படாது. அழுகை பத்து நாளில் அடங்கும், அடகுக் கடை வட்டி அடங்காது. எங்கள் பள்ளியில் எல்லாரும் போவதில்லை, ஒரு வகுப்பில் பத்துப் பேர் போனால் அதிகம்.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோரும் கேட்கிறார்கள். கல்வித்துறை நடத்தும் இலக்கிய மன்றம், வினாடி வினா, சிறார் திரைப்பட மன்றப் போட்டிகளில் மாநில அளவில் ஜெயிக்கிற பிள்ளைகளை அரசு செலவிலேயே வெளிநாடு கூட்டிப்போகிறார்கள், 2022இல் ஷார்ஜா புத்தகக் காட்சிக்கு ஒரு குழு போனது. போட்டி பள்ளி அளவில் தொடங்கி வட்டாரம், மாவட்டம் என்று மேலே போகும். பள்ளி அளவில் எப்போது நடக்கிறது என்று பிள்ளையின் வகுப்பாசிரியரிடம் இந்த வாரமே கேட்டுவிடுங்கள், பல இடங்களில் பெயர் கொடுக்க ஆள் இல்லாமலேயே முடிந்துவிடுகிறது.